நீலகிரியில் அரசுத் திட்டங்களை முன்னின்று நடத்துவது எப்படி: இளம் அலுவலர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

புதிதாக பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆனவர், உதவிப் பொறியாளராக மாற்றலாகி மலை ஏறி வந்தவர், பேரூராட்சியில் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றவர் என யாராக இருந்தாலும் முதல் மாதத்திலேயே ஒன்று புரிந்துவிடும். வேலை உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் அதை முடித்துத் தர வேண்டியவர்களில் பாதிப் பேர் உங்களுக்குக் கீழே இல்லை.

பந்தலூர் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்புக்கு 800 மீட்டர் சாலை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலை போடுவது ஊரக வளர்ச்சித் துறை. நிலத்தில் பாதி வனத்துறையிடம் இருக்கிறது. மீதி யாருடையது என்று வருவாய்த் துறைதான் சொல்ல வேண்டும். ஓரத்தில் நிற்கும் கம்பங்கள் மின்வாரியத்துடையவை, பழைய குடிநீர்க் குழாய் ஊராட்சியுடையது, பணம் பழங்குடியினர் நலத்துறை வழியாக வருகிறது. இவர்களில் ஒருவர் தாமதித்தாலும் ஒரு வருடம் போய்விடும், மழை வந்துவிடும்.

அதனால், அரசு வேலையில் தலைமைப் பண்பு என்று நான் சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் உத்தரவுக்குக் கட்டுப்படாத ஐந்தாறு பேரை, மழைக்கு முன்னால், ஒரே வேலைக்காகச் சேர்த்து நிறுத்துவது. இது பழகினால் வருகிற திறமைதான். அந்த 800 மீட்டர் சாலையைக் கூடவே வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் மலையின் காலண்டரைப் படியுங்கள்

நீலகிரிக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் அடித்துப் பெய்யும். வடகிழக்குப் பருவமழை அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரி சரிவுகளைப் பிடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. 2009 நவம்பரில் ஏற்பட்ட மண்சரிவுகளில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஒன்று மேற்கு மழை, இன்னொன்று கிழக்கு மழை. உங்கள் வேலையிடம் எந்த மழையின் கீழ் வருகிறது என்று தெரியாமல் கால அட்டவணை போடக்கூடாது.

பந்தலூரில் தரை இறுகி லோடு லாரி ஏற டிசம்பர் ஆகிவிடும். கோத்தகிரி, குன்னூரில் ஜனவரி பாதிக்கு மேல்தான் நம்பி வெட்ட முடியும். ஊட்டி உயரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். அப்போது போட்ட கான்கிரீட் இறுக நேரமெடுக்கும். சாக்கு போட்டு மூடி, நீர் விட்டு இறுக வைக்கும் க்யூரிங் நாட்களைக் கூட்ட வேண்டும். ஏப்ரல், மே வந்தால் சீசன். பர்லியார் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து அமலுக்கு வரும். மணலும் ஜல்லியும் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து வந்து சேருவது இழுக்கும். பசுந்தேயிலை வரத்து கூடும் வாரங்களில் கூலி ஆள் குறையும். ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் படுகர் ஊர்களில் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள், அழைக்கவும் கூடாது.

இத்தனையும் கழித்தால் கையில் மிஞ்சுவது நாலைந்து மாதம். சரி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பின்னாலிருந்து எழுதுங்கள். பந்தலூர்ச் சாலை மே நடுவில் முடிய வேண்டும். அப்படியென்றால் தடுப்புச் சுவர் மார்ச்சில் நிமிர்ந்திருக்க வேண்டும், பணி ஆணை டிசம்பரில் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளிக்கு நவம்பர். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அதை வசதிக்குச் சுருக்க நினைக்காதீர்கள். தொழில்நுட்ப அனுமதி அக்டோபரில், வனத்துறை ஒப்புதல் செப்டம்பரில், கிராம சபைத் தீர்மானம் ஆகஸ்டுக்குள். ஆக, மே மாதம் முடிக்க வேண்டிய சாலைக்கு முந்தின ஜூனில், கொட்டுகிற மழையில், ஃபைல் திறந்திருக்க வேண்டும். மலையில் மழைக்காலம்தான் காகித வேலைக்கான காலம். மழை ஓயட்டும் என்று காத்திருப்பவருக்குப் பணி ஆணை மார்ச்சில் வரும், முதல் லோடு இறங்கும்போது அடுத்த மழை தொடங்கிவிடும்.

இடையில் மார்ச் 31 வரும். நிதியாண்டு முடிவதற்குள் செலவைக் காட்டச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும். ஜனவரியிலேயே எவ்வளவு முடியும், எவ்வளவு நிற்கும் என்று கணக்கிட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். முடிந்த வேலைக்கு மட்டும் மார்ச்சில் பார்ட் பில் (பகுதிப் பட்டியல்) போடுங்கள். முடியாத வேலையை முடிந்ததாக எம் புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றச் சொன்னால் அதற்கு மட்டும் இணங்கவே இணங்காதீர்கள்.

படி 2: நிலம் யாருடையது என்று தெரியாமல் எஸ்டிமேட் போடாதீர்கள்

இந்த மாவட்டத்தில் நின்றுபோன வேலைகளைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் அடியில் நிலப் பிரச்சினைதான் இருக்கும். காப்புக்காடு, வருவாய் நிலம், பட்டா என்பதோடு முடிவதில்லை. கூடலூர், பந்தலூரில் 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை தீராமல் நிற்கும் நிலங்கள் இருக்கின்றன. பட்டா நிலமாக இருந்தாலும் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டிருந்தால் மரம் வெட்ட, வேறு பயனுக்கு மாற்ற மாவட்டக் குழுவிடம் போக வேண்டும். கட்டடம் என்றால் 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். சீகூர் பக்கம் யானை வழித்தட அறிவிக்கை இருக்கிறது. அதை 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. மண் வெட்டும் இயந்திரத்தை இறக்கவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

இதைக் கேட்டுப் பயந்துபோய் ஃபைலை மூடி வைப்பவர்கள் உண்டு. சட்டம் வழியும் விட்டிருக்கிறது, அதைப் படித்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2): பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை போன்ற வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்தலாம். நம் சாலையைக் கணக்குப் போடுங்கள். முழு நீளமும் வனநிலம் என்றே வைத்தாலும் 800 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம். 3,000 சதுர மீட்டர், அதாவது 0.3 ஹெக்டேர். அந்த விகிதத்தில் 22 மரம் வரைதான் போகலாம். அதனால் மதிப்பீட்டுக்கு முன்பே ரேஞ்சரோடு நடந்து மரங்களுக்கு எண் போட்டுவிடுங்கள். 30 மரம் வந்தால் சாலையின் போக்கைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். விண்ணப்பம் மாவட்ட வன அலுவலரிடம் போகும். அவர் உடன்படவில்லை என்றால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு பார்க்கும். இடம் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது என்றால் வனவிலங்குச் சட்டத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வார்த்தை: வனத்துறையைத் தடைக்கல் என்று பேசும் பழக்கத்தை மலைக்கு வந்த முதல் நாளே விட்டுவிடுங்கள். காட்டைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. நீங்கள் முழு விவரத்தோடு போனால் அவர்களும் முழு மனதோடு பேசுவார்கள்.

படி 3: ஊரோடு நடந்து பாருங்கள்

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரியில் வாழ்கிறார்கள். படுகர்களின் ஊரான ஹட்டி இருக்கிறது, தோடர் குடியிருப்பான மந்து இருக்கிறது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வாழும் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகள் இருக்கின்றன. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் இலை பறிக்கப் போனவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். வருகிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களாகத்தான் இருப்பார்கள். மாலையில் வையுங்கள், யானை நடமாட்டம் இருந்தால் இருட்டுமுன் முடித்துவிடுங்கள். மூப்பன் அல்லது ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் அந்தக் குடியிருப்பிலேயே படித்த ஒரு பெண்ணைப் பேச வையுங்கள்; வெளியிலிருந்து கூட்டிப்போகும் மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் தன் கருத்தையும் கலந்துவிடுவார்.

வன உரிமைச் சட்டத்தின் கீழான கிராம சபை என்றால் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இதை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள். தண்ணீர் சுமப்பவர்களும் விறகு எடுப்பவர்களும் பெண்கள்தான், அதனால் பாதையை அதிகம் அறிந்தவர்களும் அவர்கள்தான்.

கூட்டம் முடிந்ததும் சாலை போகப்போகும் வழியில் அவர்களோடு நடங்கள். வரைபடம் கையில் இருக்கட்டும், பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். காய்ந்து கிடக்கும் ஒரு மேட்டில் வயதான அம்மா ஒருவர் நின்று, காலால் புல்லை விலக்கி, "ஆடியில இங்க ஊத்து கிளம்பும், முட்டளவு நிக்கும்" என்று காட்டுவார். நீங்கள் போன பிப்ரவரியில் அங்கே ஒரு சொட்டு ஈரம் இருக்காது. சர்வே கருவிக்கும் அது தெரியாது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அங்கே ஒரு சிறுபாலம் என்று அப்போதே நோட்டில் எழுதுங்கள். அவர் எதிரிலேயே எழுதுங்கள். அரசு அலுவலர் தன் சொல்லைக் கேட்டு எழுதினார் என்பது அந்த ஊரில் பரவும். பிறகு மரம் வெட்டும் நாளிலும், குழாய் ஒரு வாரம் நின்றுபோகும்போதும் ஊர் உங்கள் பக்கம் நிற்கும்.

படி 4: மற்ற துறைகளை உங்கள் வேலைக்குள் கொண்டுவருவது

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மற்ற துறை அலுவலருக்கு முதல் தொடர்பு கடிதமாக இருக்கக்கூடாது. போனில் பேசுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "உங்களால் தாமதம்" என்று தொடங்காமல், "நீங்கள் எதைப் பார்த்தால் இதில் கையெழுத்துப் போட முடியும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல மாத ரிமைண்டர்களை மிச்சப்படுத்தும். அவருக்கும் ஆடிட் இருக்கிறது, அவருக்கும் மேலதிகாரி இருக்கிறார். எந்த ஆவணம் இல்லாததால் தயங்குகிறார் என்று தெரிந்தால் அதை நீங்களே தேடிக் கொடுக்கலாம். பல நேரம் அது ஒரு எஃப்எம்பி (நில அளவைப் புலப்பட) வரைபடமாகவோ பழைய அரசாணையின் நகலாகவோதான் இருக்கும்.

அப்புறம் கூட்டு ஆய்வு. எல்லோரும் ஒரே நாளில், ஒரே இடத்தில். நாள் குறிக்கும்போது மற்றவர்களுக்கு வசதியான நாளைக் கேளுங்கள். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள், அன்று யாரும் வரமாட்டார்கள். வாகனம் இல்லாத துறைக்காரரை உங்கள் ஜீப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்; போகும் வழியில் பேசி முடிகிற விஷயம் அலுவலக அறையில் முடியாது. வனக்காவலர், லைன்மேன், விஏஓ ஆகிய மூன்று பேரும் கட்டாயம் இருக்கட்டும். அதிகாரிகள் மாறுவார்கள், இடம் தெரிந்தவர்கள் இவர்கள்.

அன்று மாலையே நடவடிக்கைக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் போதும். "கம்பம் 3, 4 – மாற்றி நடுவதற்கான மதிப்பீடு – மின்வாரிய உதவிப் பொறியாளர் – 12-ஆம் தேதி" என்பதுபோல ஒவ்வொரு வரியிலும் வேலை, ஆள், தேதி மூன்றும் இருக்க வேண்டும். "விரைந்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வாக்கியம் எங்கும் வரக்கூடாது. உங்கள் பெயரில் உள்ள வேலைகளை முதலில் எழுதுங்கள், அவற்றைத் தேதிக்கு ஒரு நாள் முன்பே முடித்துக் காட்டுங்கள். நீங்கள் உங்கள் தேதியைக் காப்பாற்றினால்தான் அடுத்தவரின் தேதியைக் கேட்கும் தகுதி உங்களுக்கு வரும்.

ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்தில் இன்னொரு துறை மேல் புகார் சொல்ல வேண்டிய நிலை வரலாம். முந்தின நாளே அந்த அலுவலருக்குப் போன் செய்து, "நாளை இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, இன்று ஏதாவது நகர்ந்தால் அதையே சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். பாதிக்குப் பாதி அன்று மாலையே ஃபைல் நகரும். எல்லோர் முன்னாலும் திடீரென்று ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தினால் அந்த ஒரு வேலை நடக்கலாம். அடுத்த மூன்று வருடம் அவரிடமிருந்து எதுவும் நடக்காது. வேலை முடிந்ததும் பாராட்டு போக வேண்டிய இடமும் அதே கூட்டம்தான். லைன்மேனின் பெயரை ஆட்சியர் முன்னால் சொல்லுங்கள்.

படி 5: எஸ்டிமேட்டில் நேர்மை

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். மலைக்கான கூடுதல் விகிதம், கீழிருந்து ஏற்றி வரும் லீட் தூரம், லாரி நிற்கும் இடத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுபோகும் கூலி, எல்லாவற்றையும் உள்ளபடி போடுங்கள். ஒதுக்கீட்டுக்குள் அடக்க வேண்டும் என்று தலைச்சுமையை வெட்டினால் ஒன்று யாரும் டெண்டர் போடமாட்டார்கள், இல்லையென்றால் எடுத்தவர் சிமென்டில் வெட்டுவார். பணம் போதாது என்றால் 800 மீட்டரை 600 ஆக்கி, மிச்சத்துக்கு அடுத்த ஆண்டு கேளுங்கள். வடிகாலை வெட்டி நீளத்தைக் காப்பாற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். மலைச்சாலைக்கு வடிகால்தான் உயிர்நாடி.

படி 6: சைட்டில் கண் வைப்பது

தடுப்புச் சுவர் சரிவது பெரும்பாலும் கல்லின் பலவீனத்தால் இல்லை. பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளுகிறது. அதற்காகத்தான் சுவரில் தண்ணீர் வடியும் துளை, அதாவது வீப் ஹோல், விடுகிறோம். இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு மெல்லிய மூங்கில் குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் நுழைத்துப் பாருங்கள். சுவரின் கனத்தைத் தாண்டுமுன்பே முட்டினால் உள்ளே சிமென்ட் அடைத்திருக்கிறது. தாண்டிப் போய், இழுக்கும்போது நுனியில் சிவப்புக் களிமண் அப்பிக்கொண்டு வந்தால், ஜல்லி நிரப்ப வேண்டிய இடத்தில் வெட்டிய மண்ணையே தள்ளி மூடியிருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் குச்சி ஜல்லியில் உரசுகிற சத்தம் கேட்டால் அந்தத் துளை சரி. ஓவர்சியரையும் கான்ட்ராக்டரின் மேஸ்திரியையும் கூட நிறுத்திக்கொண்டு இதைச் செய்யுங்கள். அதன் பிறகு அவர்களே குச்சி வைத்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பாதுகாப்பில் மட்டும் சமரசமே கூடாது. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேல் பகுதியில், கட்டுமானத்துக்கு மண் தோண்டிய இடத்தில் மேலே இருந்த கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அது மழை மாதம்கூட இல்லை. செங்குத்தாக வெட்டிய மண்ணுக்குக் கீழே ஆள் இறங்கக்கூடாது. படிப்படியாக வெட்டிச் சரிவு கொடுத்த பிறகுதான் அஸ்திவாரத்துக்கு ஆள். மேலே கட்டடமோ பெரிய மரமோ இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். வெட்டின முகத்தில் புது விரிசலோ கசிவோ தெரிந்தால் வேலையை நிறுத்த யாரையும் கேட்க வேண்டாம், நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். அந்த அதிகாரம் ஓவர்சியருக்கும் உண்டு என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவையுங்கள்.

படி 7: பணமும் நெருக்கடியும்

அளந்த வேலைக்குப் பில்லைத் தாமதிக்காதீர்கள். பில் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளிதான். வேலையின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர், முடியும் தேதி எல்லாம் எழுதிய பலகை சைட்டில் முதல் நாளே நிற்கட்டும். தகவல் உரிமை மனு வந்தால் 30 நாள் கடைசிவரை இழுக்காமல் கொடுத்துவிடுங்கள். இன்னாருக்கு வேலை கொடு, இந்த வளைவை என் தோட்டப் பக்கம் திருப்பு என்று வாய்மொழியாக வரும் அழுத்தத்துக்கு ஒரே மருந்து எழுத்து: "தாங்கள் கூறியபடி" என்று தொடங்கி, விதியைக் குறிப்பிட்டு, மேலதிகாரியின் ஆணை கேட்டு மரியாதையாக ஒரு குறிப்பு வையுங்கள். சொன்னவர் பெரும்பாலும் திரும்பக் கேட்கமாட்டார்.

படி 8: தொடர்ந்து கற்பது

பவானிசாகர் அரசு அலுவலர் பயிற்சி நிலையமும் மறைமலைநகர் ஊரக வளர்ச்சி நிறுவனமும் அடிப்படையைக் கற்றுத்தரும். மத்திய அரசின் இணையவழிப் பயிற்சித் தளமான ஐகாட் கர்மயோகியில் இரவு நேரத்தில் படிக்கலாம். ஆனால் மலையைக் கற்க மலையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1950-களிலிருந்து இந்தச் சரிவுகளை ஆராய்ந்துவருகிறது. முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. மாதம் ஒரு மதியத்தை இந்த இரண்டில் ஒன்றுக்கு ஒதுக்குங்கள்.

2000-களின் தொடக்கத்தில் ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, பிளாஸ்டிக்குக்கு எதிராக நடத்திய 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' இயக்கத்தையும் கூர்ந்து பாருங்கள். அவர் மாற்றலாகிப் போய் இத்தனை வருடமாகியும் சோதனைச் சாவடியில் பை சோதிக்கிறார்கள், ஊட்டிக் கடையில் துணிப்பை கொடுக்கிறார்கள். ஆள் போன பின்னும் வேலை நிற்க வேண்டும் என்றால் அது கடைக்காரர், சாவடிக் காவலர் என எல்லோருடைய அன்றாடப் பழக்கமாகியிருக்க வேண்டும்.

படி 9: மாற்றலுக்கு முதல் நாளிலிருந்தே தயாராகுங்கள்

ஆணை எந்த வாரத்திலும் வரும். அதனால் ஒவ்வொரு பெரிய வேலைக்கும் இரண்டு பக்கத்தில் ஒரு பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பை எப்போதும் தயாராக வையுங்கள். ஃபைலில் இல்லாத விஷயங்களை அதில் எழுதுங்கள்: ஊத்து கிளம்பும் இடம், ஊருக்குக் கொடுத்த வாக்கு, எந்த அலுவலர் எந்த ஆவணத்தைக் கேட்டார், குச்சி முட்டிய வீப் ஹோல் எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது, மூப்பனின் வீடு எது. முடிந்தால் அடுத்து வருபவரை ஒரு நாள் சைட்டுக்குக் கூட்டிப்போய் ஊரில் அறிமுகம் செய்துவிடுங்கள்.

ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்துவைத்த நிறுத்திவைப்புத் தொகையை விடுவிக்கும் முன், குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் (குறை தெரிந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) வரும் ஒரு முழு மழைக்காலத்தில் சாலையை நடந்து பார்க்க வேண்டும் என்பதையும் அந்தக் குறிப்பில் தேதியோடு எழுதுங்கள். பந்தலூர் என்றால் ஜூலையில், கோத்தகிரி என்றால் நவம்பரில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே.